கப்பற் கூட்டமும் காவற் கப்பலும்
(கொடுமுடியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)



கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள இவ்வூரில் கடற்போரைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் நம் பண்டகசாலைகளின் வாயிலில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் காத்து நிற்க நேர்ந்ததற்குப் பெருங்காரணம் கடல் வழி அடைபட்டதேயாகும். 1942 மார்ச்சு மாதத்தில் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியும் எண்ணெயும் நின்றுபோயின. மற்றைத் தேசங்களிலிருந்து வரவேண்டியவை கப்பலேறி வந்து சேருமா என்பதே கேள்வியாயிற்று.

பண்டைக் காலத்தில் நம் கொங்குநாட்டு வழியே மேலைக் கடற்கரைக்குச் சென்ற வணிகர் தனித்துச் செல்லவில்லை. பொதிமாடுகளுடன் கூட்டமாகச் சென்றனர். ஆயுதந் தாங்கிய காவலரும் உடன் சென்றனர். அக்கூட்டத்திற்குச் சாத்து என்று பெயர். கடலிலும் இதே முறையைக் கையாள்வதில் முதல் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் கப்பற்படைத் தலைவர்கள் மிகவும் தயங்கினர். கப்பல்களை ஒன்றுசேர்த்தால் பகைவனுக்கு ஒரே இடத்தில் விருந்து வைத்தது போலாகும் என்பது ஓர் ஆட்சேபம். சந்தைக்குப் போகும் வண்டிகளில் நொண்டி மாடு பூட்டிய வண்டியின் வேகமே எல்லா வண்டிகளுக்கும் வேகமாவது போல, மிக மெதுவான கப்பலுக்காக எல்லாக் கப்பல்களும் மெதுவாகச் செல்ல வேண்டும் என்பது மற்றொன்று. இவை வீண் வாதங்களல்ல. எனினும் 1917 ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கிய பின்னரே, வேறு வழியின்றிக் கூட்டமுறையை மேற்கொண்டனர். நஷ்டம் படிப்படியாகக் குறைந்தது. காரணம் எளியது. கடல் மிக அகன்றது. முப்பது கப்பல்கள் தனித்தனியே சென்றால் முப்பது இடங்களில் பகைவன் கண்ணில் படக்கூடும். ஒன்றாகச் சென்றால் ஒரே இடத்தில்தான். அங்கே கண்டுகொண்டாலும் காவற் கப்பல் எதிரே நிற்கும்.

இக்காவல் இல்லாவிடில் என்ன நேரும் என்பதை 1942 ஏப்ரலில் வங்காளக் குடாக்கடல் காட்டிற்று. துணைக்குப் போர்க்கப்பலின்றி நம் கிழக்குக் கரையோரம் சிதறிச் சென்ற வர்த்தகக் கப்பல்களை ஜப்பானியத் தளபதி ஓசாவாவின் படை வேட்டையாடியது. சில நாட்களுக்குள் 23 கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 6-ந் தேதி காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டுகள் விழுந்தன.

காவற் கப்பல் பெரிதன்று. அக்காலத்து இந்தியக் கப்பற்படையின் ஜமுனா, சட்லெஜ் முதலிய கப்பல்கள் சுமார் 300 அடி நீளமுள்ளவை, ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டவை. நீரினுள் மறைந்து வரும் பகையை அவை அறிந்த விதம் கேட்கத்தக்கது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்புகிறதன்றோ? அதுபோலக் கப்பலின் அடியிலிருந்து ஒலியை நீரினுள் விடுவார்கள். நீர்மூழ்கியின் இரும்புடலில் பட்டு அது திரும்பும். சென்று மீண்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிப்பார்கள். பின்பு, குறித்த ஆழத்தில் வெடிக்கும்படி அமைத்த பீப்பாய் வெடிகளைக் கடலில் உருட்டிவிடுவார்கள். திமிங்கிலமும் மீன்கூட்டமும்கூட எதிரொலி தரும். ஆகவே இரவும் பகலும் கேட்டிருப்பவனுடைய செவிப் பயிற்சியே முக்கியம்.

ஜமுனாவும் சட்லெஜும் 1941-ல் பிரிட்டனை அடுத்த அட்லாண்டிக் பகுதியில் கப்பற் கூட்டங்களுக்குக் காவலாயிருந்தன. பின்பு கீழ்க்கடலுக்கு வந்தன. 1944 பிப்ரவரி 11-ந் தேதி, கொழும்பிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்ற கூட்டத்தில் ஒரு கப்பலை விசாகப்பட்டினத்திற்கு அப்பால் ஜப்பானிய நீர்மூழ்கியொன்று தாக்கியது. ஜமுனாவும் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களும் சேர்ந்து அந்நீர்மூழ்கியை ஒழித்தன.

இவற்றினும் வியப்பானது 'பெங்கால்' என்னும் சிறு கப்பலின் செய்கை. 1942 நவம்பர் 11-ந் தேதி அது 'ஒண்டினா' என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக, ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டிலிலிருந்து டீகோ கார்சியா தீவை நோக்கி இந்துமாகடலில் சென்றுகொண்டிருந்தது. ஜப்பானியரின் இரு பெருங் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல். 'பெங்கால்' 700 டன்கூட இல்லை. அதிலிருந்த பெரிய பீரங்கி ஒன்றே. அதுவும் மிகச் சிறியது. மாலுமிகளில் பெரும்பாலார் இந்தியர். எண்ணெய்க் கப்பலைத் தப்பிப் போகும்படி சொல்லிவிட்டு, 'பெங்கால்' பகைவனை நோக்கி நேரே திரும்பியது. எண்ணெய்க் கப்பலும் தன்னிடமிருந்த ஒரே பீரங்கியால் சுட்டது. ஹோகோகு மாரு என்னும் பகைக் கப்பல் தீப்பற்றி வெடித்து மூழ்கியது. குண்டுகள் தீர்ந்தபின் 'பெங்கால்' விலகிச் சென்று ஓர் உயிரும் சேதமின்றிக் கரை சேர்ந்தது. 'ஒண்டினா'வின் தலைவர் வில்லெம் ஹார்ஸ்மன் உயிர் துறந்தார். அதன் மாலுமிகள் படகுகளில் இறங்கி, அங்கும் சுடப்பட்டு, பகைவன் அகன்றபின் மறுபடி கப்பலேறி அதைப் பிரிமாண்டிலுக்கே ஓட்டிச் சென்றனர். கொன்று போனதாக எண்ணிய கப்பல் துறைமுகத்தில் வந்து நின்றது!

நம் ஆற்றின் பெயர் தாங்கிய 'காவேரி' 1943-ல் இவ்வணியிற் சேர்ந்தது. கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை ஆகியவற்றின் பெயர்களையும் கப்பல்களுக்கு இட்டிருந்தனர். இவற்றுள் 'கோதாவரி' 1944 ஆகஸ்டில் சீசெல்ஸ் தீவுகளுக்கருகே ஜெர்மன் நீர்மூழ்கியொன்றை ஒழிப்பதில் பங்குகொண்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறருக்கு உணவு கொண்டுவரும் கப்பல்களைக் காத்த அக்கப்பற்படையின் மாலுமிகளே, 1946 பிப்ரவரியில், தங்களுக்கு இடப்படும் உணவு இழிவானது என்றும், மேலதிகாரிகள் அவமதிக்கின்றனர் என்றும் பம்பாயில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது வேறு துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் பரவிற்று. யுத்தத்தில் அவர்கள் ஆற்றிய தொண்டைப் புகழ்ந்தவர்கள், அந்த முறையீட்டைக் காலத்தில் கேட்டிருக்கலாம்.

தேசம் பிரிந்தபோது கப்பல்களும் பங்கிடப்பட்டன. கோதாவரியும் நர்மதையும் பாகிஸ்தானுக்குச் சென்றன. காவேரி நம்மிடம் நின்றது. 1947-ல் ஜூனாகட் விவகாரத்தின்போது படைகளைக் கரையிறக்கச் சென்ற கப்பல்களில் அதுவும் ஒன்று. 1970-களின் பிற்பகுதி வரை இந்தியக் கடற்படையில் பணிசெய்து அது ஓய்ந்தது.