பூமி விரிந்தது, பள்ளம் விழுந்தது



மழைக்காலத்தில் ஆலுவாவில் நின்று பெரியாற்றைப் பாருங்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடும். மலைதான் கரைந்து வருகிறது. கனமான கல் முதலில் நின்றுவிடும். மணல் சிறிது தூரம் வரும். சேறு கடல் வரை போகும்.

கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி மண் வந்தால், அது தங்க எவ்வளவு பெரிய பள்ளம் வேண்டும்! அந்தப் பள்ளம் எப்படி வந்தது?

இதற்குக் காவிரிக் கரைக்குப் போக வேண்டும். அங்கே சில இடங்களில் ஐந்து கிலோமீட்டர் ஆழம் வரை மண்ணும் மணலும் இறுகிக் கிடக்கின்றன. அதற்கும் கீழேதான் பழைய பாறை.

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்தன. பிறகு பிரியத் தொடங்கின. நிலம் இருபுறமும் இழுபட்டது.

பலகையில் நெருக்கமாக நிற்கும் புத்தகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்துத் தாங்கலை நகர்த்தினால் எல்லாம் சாயும். மேலே, புத்தகங்களுக்கு நடுவில், முக்கோணப் பள்ளங்கள் விழும். இழுபட்ட பாறையும் அப்படித்தான் வெடித்துச் சாய்ந்தது. சில துண்டுகள் தாழ்ந்தன. சில மேடாக நின்றன. கும்பகோணம் பக்கம் அப்படி ஒரு மேடு மண்ணுக்கடியில் மறைந்திருக்கிறது. மேலே ஏர் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது!

இது ஒரே நாளில் நடந்த வேலை அல்ல. பள்ளம் சிறிது இறங்கும். ஆறு சிறிது நிரப்பும். மறுபடி இறங்கும், மறுபடி நிரப்பும். வெடிப்பை ஒட்டிய பக்கம்தான் அதிகம் இறங்கும். அதனால் அங்கே மண்ணடுக்கு தடிமனாக இருக்கும், எதிர்ப்பக்கம் மெலிந்திருக்கும். ஓரத்தில் சரிந்த கற்கள், நடுவில் களிமண். கிழக்கு ஆப்பிரிக்காவில் இன்றும் நிலம் இப்படி விரிந்துகொண்டிருக்கிறது. டாங்கனிக்கா ஏரி அத்தகைய பள்ளத்தில்தான் நிற்கிறது.

பிறகு காவிரிப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. இன்று கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் அரியலூரில் கல்லாய்ப் போன சிப்பிகள் கிடைப்பது அதனால்தான். பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது. களிமண்ணில் புதைந்த நுண்ணுயிர்கள் ஆழத்துச் சூட்டில் எண்ணெயாயின. நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் எடுப்பது அந்த எண்ணெய்தான்.

அடியில் எண்ணெய், மேலே நெல். இரண்டையும் தந்தது ஒரே பள்ளம். எண்ணெய்க் கிணறுகள் பெருகினால் வயல் கெடும் என்று விவசாயிகள் போராடினார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய எண்ணெய்க் கிணறு தோண்டக் கூடாது என்றது.

கேரளக் கரையின் கதையும் இதேதான். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தது. அப்போது விழுந்த பள்ளங்கள் கொச்சிக்கு மேற்கே கடலடியில் இருக்கின்றன. ஆலுவாவைத் தாண்டிப் போகும் பெரியாற்றுச் சேறு அந்தக் கடலில்தான் போய்ப் படிகிறது.