வடகமும் உறையும்: மாவுச்சத்திலிருந்து ஒரு மென்படலம்



உணவைப் பொதியும் மெல்லிய உறையைத் தாவர மாவுச்சத்திலிருந்து செய்யலாம் என்றால், அயல்நாட்டு ஆய்வுக்கூடத்துச் செய்தி என்றே பலரும் எண்ணுவர். நம் பாட்டிமார் அதனை என்றோ செய்துவிட்டனர். சவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி, பழைய வேட்டியில் மெலிதாக ஊற்றி, வெயிலில் உலர்த்துவர். பின்னர்த் துணியைத் திருப்பி நீர் தெளித்தால், கண்ணாடி போன்ற வட்டங்கள் உரிந்து வரும். உறை செய்யும் முறையும் அடிப்படையில் இதுவே.

சவ்வரிசி என நாம் சொல்வதும் ஒன்றன்று. சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. சரவாக்கின் முக்கா வட்டாரத்துச் சாகோ, பனையினத்து மரமொன்றின் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பது. அம்மரம் பூக்குமுன் வெட்டப்படும். பூத்தால் சேர்த்து வைத்த மாவு முழுதும் அதற்கே செலவாகிவிடும். படலத்திற்கு இரண்டும் உதவும்.

மாவுச்சத்து மணிகள் குளிர்ந்த நீரில் கரைவதில்லை. வெப்பம் 60 முதல் 70 பாகை செல்சியசை எட்டும்போது, அவை நீரை உறிஞ்சிப் பருத்து உடைகின்றன. வெண்மை நீங்கிக் கூழ் தெளிகிறது. உள்ளே அடைபட்டிருந்த அமைலோசு என்னும் நீண்ட சங்கிலியும், அமைலோபெக்டின் என்னும் கிளைத்த சங்கிலியும் வெளிப்படுகின்றன. நீர் ஆவியாக ஆக, அவை நெருங்கிப் பிணைந்து படலமாகின்றன.

ஆனால் வடகம் வளைத்தால் ஒடியும், உறை ஒடியலாகாது. ஆகவே கிளிசரால் சேர்க்கிறோம். அது சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவ இடந்தருகிறது. இதற்கு நெகிழ்வூட்டி என்று பெயர். நெகிழிக்கு மாற்றுத் தேடிப் போனாலும் 'நெகிழ்' என்னும் வேரை விட்டு நாம் விலகவில்லை என்பது தமிழாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும்.

பள்ளி ஆய்வுக்கூடமொன்றில் மாணவரோடு செய்து பார்த்தோம். மரவள்ளி மாவு 5 கிராம், நீர் 100 மில்லிலிட்டர், கிளிசரால் ஒன்றரை கிராம். ஓயாது கிளறிக் காய்ச்சி, குமிழி அடங்கியபின் தட்டில் ஊற்றினோம். கிளிசரால் இல்லாத தட்டு மறுநாள் தானே வெடித்திருந்தது. ஆர்வமிகுதியால் மும்மடங்கு சேர்த்த தட்டோ, நம் ஊர் ஈரக்காற்றில் நீரை இழுத்து விரலில் ஒட்டியது. அளவோடு சேர்த்ததுகூட மூன்று வாரத்தில் விறைத்தது. பழஞ்சோறு விறைப்பது போலவே, சங்கிலிகள் மீண்டும் ஒழுங்குபட்டுக் கெட்டியாகின்றன.

இப்படலம் உலர்ந்திருக்கும்வரை உயிர்வளியை நன்கு தடுக்கும், நீராவியைத் தடுக்காது. முறுக்கு, தேயிலைத்தூள் ஆகியவற்றைக் குறுகிய காலம் பொதியலாம். குழம்பு ஊற்றிய சோற்றைப் பொதிந்தால் உறையும் சோற்றோடு கரையும். தொழிற்சாலைகள் மாவுச்சத்துடன் வேறு பலபடிகளைக் கலப்பது இதனாலேயே.

எங்களைத் தயங்க வைத்தது வேறொன்று. கண்காட்சிப் பலகையில் ஒரு மாணவி, 'இது மண்ணில் மட்கும். ஆதலால் சிங்கப்பூரின் குப்பைச் சிக்கல் தீரும்' என்று எழுதினார். சரியென்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினோம். இங்கே வீட்டுக் குப்பை மண்ணுக்குப் போவதில்லை, எரிக்கப்படுகிறது. சாம்பல் 1999 முதல் செமக்காவ் தீவுக்குச் செல்கிறது. உலையில் மட்குவதற்கு நேரமேது? எனினும் பயன் முற்றிலும் இல்லையென்று சொல்லிவிட முடியாது: செடி காற்றிலிருந்து எடுத்த கரிமமே எரிந்து காற்றுக்குத் திரும்புகிறது. மாணவி எழுதிய காரணம்தான் பொருந்தவில்லை.

சொல்லில் தெளிவில்லாததும் இப்பிழைக்கு ஒரு காரணம். 'சிதையும்' என்பது வேறு. சில நெகிழிப் பைகள் துகள்துகளாகச் சிதையுமேயன்றி மறைவதில்லை. 'உயிரிச்சிதைவுறும்' என்றால் நுண்ணுயிரிகள் உண்டு முடிக்கவல்லது. 'மட்கும்' என முத்திரை பெற்றவற்றுள்ளும் பல, 60 பாகையை ஒட்டிய வெப்பமுள்ள உரத் தொழிற்கூடத்தில்தான் மட்கும். வீட்டுத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கக்கூடும். பாடநூலில் இம்மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டவர்களுள் நாங்களும் உண்டு. அடுத்த பதிப்பில் பிரித்து எழுதுவோம்.

அம்மாணவி தம் பலகையைத் திருத்தி எழுதினார். இரண்டாவது வரியில், 'நனைந்தால் கரையும்' என்று தாமாகவே சேர்த்தார். அவர் செய்த மூன்று படலங்களும் இந்த மேசைமேல் உள்ளன. எடுத்து வளைத்துப் பாருங்கள். ஈரக்கையால் மட்டும் தொட வேண்டா.