அழுத்தியதும் ஏன் படம் விழுவதில்லை?

(பொங்கல் விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

இந்த முறை விழாப் படங்களை நாமே எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. அதனால் கேமரா பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள்.

போன வருட உறியடிப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பானை உடையும் படம் ஒன்றுகூட இல்லை. தரையில் கிடக்கும் ஓடுகள்தான் இருக்கின்றன. எடுத்தவர்கள்மேல் குறையில்லை. கையடக்க டிஜிட்டல் கேமராவில் பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவாவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. இதை ஷட்டர் லேக் என்பார்கள். பழைய மாடல்களில் அரை வினாடிகூட ஆகும். வினாடிக்கு 3 மீட்டர் ஓடும் குழந்தை அதற்குள் 1.5 மீட்டர் போய்விடும். பிறகு, "கண்ணா, இன்னொரு தடவை ஓடு" என்று கெஞ்ச வேண்டியதுதான்!

அந்த நேரத்தில் கேமரா சும்மா இருப்பதில்லை. வெளிச்சத்தை அளக்கிறது. அடுத்து ஃபோகஸ், அதிக நேரம் பிடிப்பது இதுதான். லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தி, படம் எவ்வளவு தெளிவு என்று பார்க்கும். மறுபடி நகர்த்தும். தெளிவு குறைந்தால்தான் சரியான இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று அதற்குத் தெரியும். உடனே பின்னால் வரும். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கக் குமிழை முன்னும் பின்னும் திருகுவோமே, அதே கதை. மங்கிய வெளிச்சத்தில் தேடல் இன்னும் நீளும். பெரிய எஸ்.எல்.ஆர். கேமராவில் ஃபோகஸுக்கென்றே தனி சென்சார் உண்டு. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை அது ஒரே அளவில் சொல்லிவிடும்.

ஃபோகஸ் முடிந்தாலும், திரையில் காட்சி காட்டிக்கொண்டிருந்த அதே சென்சாரைத் துடைத்துவிட்டுத்தான் படத்தைப் பதிய வேண்டும். சிவப்புக் கண் தவிர்க்கும் ஃபிளாஷ் போட்டிருந்தால், முன்கூட்டி மின்னுவதற்கும் நேரம் போகும்.

இதற்கு வழி சுலபம். பொத்தானைப் பாதி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அப்போதே முடிந்துவிடும். சரியான நொடியில் மீதியை அழுத்தினால் தாமதம் வெகுவாகக் குறையும். ஓட்டப் பந்தயத்தில் குழந்தையைத் துரத்தாமல், முடிவுக் கோட்டில் ஃபோகஸ் செய்து காத்திருங்கள். உறியடியில் பானைக்கு நேர் கீழே நிற்பவரைப் பார்த்துப் பாதி அழுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்புக் கண் வசதியை அணைத்துவிடுங்கள்.

விழாவுக்கு முன் வீட்டு ஊஞ்சலில் பத்துப் படம் எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள். உடையும் பானையை யார் பிடித்தாலும், அந்தப் படம் அடுத்த இதழின் அட்டையில் வர வேண்டும் என்பது என் ஆசை.