கணினிக்குள் ஒரு பழம்பெட்டி



தைப்பொங்கலுக்கு முன் வீட்டைத் துப்புரவாக்கும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. பரணிற் கிடக்கும் பெட்டியை இறக்கித் தூசி தட்டும்போது, தந்தையார் எழுதிய கடிதமோ, நிறம் மங்கிய புகைப்படமோ கைக்கு வரும். அத்துடன் துப்புரவு வேலை நின்றுவிடும். வீட்டார் அனைவரும் பெட்டியைச் சுற்றி அமர்ந்துவிடுவர். இன்றோ கடிதமும் படமும் கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. ஆகவே அந்தப் பெட்டியையும் இடைக்கிடை திறந்து ஒழுங்குபடுத்த வேண்டியவர்களாய் இருக்கிறோம். அவ்வேளையில் நாம் காண்பன எவை, காக்க வேண்டியன எவை என்பது பற்றியே உங்களுடன் சில நிமிடம் பேச விரும்புகிறேன்.

கடதாசியில் எழுதியது கவனிப்பாரற்றுக் கிடந்தாலும் ஓரளவு தப்பிப் பிழைக்கும். கறையான் தின்றது போக எஞ்சியதைக் கண்ணாலே வாசிக்கலாம். கணினிக் கோப்பின் இயல்பு வேறு. அதனை வாசிக்க ஒரு பொறி வேண்டும். அப்பொறிக்கு விளங்கும் ஒரு முறையும் வேண்டும். 1.44 மெகாபைற் கொள்ளும் மூன்றரை அங்குல நெகிழ்தட்டு ஒரு காலத்தில் அலுவலக மேசைகளிலெல்லாம் இருந்தது. இன்று அதனைச் செருகுவதற்கு வாய் உள்ள கணினியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எழுத்தின் கதையும் அதுவே. நமது நாட்டிலே பல ஆண்டுகளாகத் தமிழ்க் கடிதங்களும் அழைப்பிதழ்களும் வினாத்தாள்களும் 'பாமினி' என்னும் எழுத்துருவிலே தட்டச்சாகி வந்தன. அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்திய ஓர் ஏற்பாடு. பாமினி இல்லாத கணினியில் அத்தகைய கோப்பைத் திறந்தால், 'அம்மா' என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்சி தரும். விடயம் அறியாதவர், கோப்புப் பழுதாகிவிட்டதென்று எண்ணி அழித்துவிடுவர். உண்மையில் அங்கே ஓர் எழுத்தேனும் பழுதாகவில்லை. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. அவற்றில் இட்டால், அடுத்த கணமே அம்மா அம்மாவாகத் தோன்றுவாள்.

கிழக்குக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றிலே நான் அதிபராகக் கடமையாற்றுகிறேன். அண்மையில் அலுவலகக் கணினியை ஒழுங்குபடுத்த முற்பட்டபோது, 'பழையவை' என்னும் பெயரில் ஒரு கோப்புறையைக் கண்டேன். அதற்குள்ளே 'பழையவை' என இன்னொன்று, அதற்குள்ளேயும் மற்றொன்று. புதுக் கணினி வந்த போதெல்லாம் எமது இலிகிதர், முன்னிருந்ததை அப்படியே பிரதி பண்ணி வைத்திருக்கிறார். எல்லாவற்றிற்கும் உள்ளே இருந்தவை, மேல்மாடியில் இருந்தமையாற் கடல்நீர் தொடாத முதற் கணினியின் கோப்புகள். 2003ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவின் அழைப்பிதழும், பரிசு பெற்றோர் பட்டியலும், நாற்பது புகைப்படங்களும் அங்கே கிடந்தன. படங்களுக்குப் பெயர் இல்லை. கமரா தானாக இட்ட இலக்கங்களே இருந்தன.

அக்காலத்தில் இங்கு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அழைத்து அப்படங்களைக் காட்டினேன். அவர் முகம் முகமாகப் பெயர் சொல்லி வந்தார். இவன் இப்பொழுது வங்கியில் வேலை. இவள் தாதியாக இருக்கிறாள். இவன் கடல் கடந்து போய்விட்டான். வரவேற்பு நடனம் ஆடிய சிறுமி ஒருத்தியின் முகம் வந்ததும் அவர் பேச்சு நின்றது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கொண்டுபோன பிள்ளைகளுள் அவளும் ஒருத்தி. வீடும் அடியோடு போனபடியால், தாயாரிடம் மகளின் படம் ஒன்றுதானும் இல்லை என்றார் ஆசிரியை. அப்படத்தை அச்சிட்டு, மறுநாள் நாங்கள் இருவரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். தாயார் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அந்தப் பாவாடை நான் தைச்சது, சேர்" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, இந்தப் படத்தைக் காத்தவர் யார்? இன்னதென்று அறியாமலே பிரதி பண்ணி வந்த இலிகிதர் ஒருவர். முகம் மறவாத ஆசிரியை ஒருவர். இருவருள் ஒருவர் இல்லாதிருப்பின், அது வெறும் இலக்கமாகவே கிடந்திருக்கும்.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஏட்டுச்சுவடி காலப்போக்கில் இற்றுப்போகும். ஆதலால் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வந்தனர். அவ்வாறு எழுதியோரிற் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் எழுதி வைத்தமையாலேதான், சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் மீளாமலே போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்துச் சேர்த்து வருவதன் அருமை அதனாற் புலப்படும்.

ஒரு நாட்டுக்குப் பொருந்துவது ஒரு வீட்டுக்கும் பொருந்தும். ஒரே படம் பத்துத் தடவை இருந்தால் ஒன்பதை நீக்கிவிடுங்கள், அதிலே குற்றமில்லை. எஞ்சியதற்கு ஆண்டும் இடமும் ஆட்களின் பெயரும் எழுதுங்கள். பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பிரதி எடுத்து, ஒன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். இவையெல்லாவற்றையும் செய்யும்போது, வீட்டிலுள்ள முதியவரை அருகே ஒரு கதிரையில் இருத்திக்கொள்ளுங்கள். கோப்பை அடுத்த பொங்கலுக்கும் திறக்கலாம். அவரிடம் பெயர் கேட்பதற்கு அடுத்த பொங்கல் வாய்க்குமோ என்பதை யார் அறிவார்?