பாறைக்குக் கீழே ஒரு காது

பாறை ஏறுகிறவர்கள் வாயைத் திறந்தால் என்னென்ன வருகிறது, பக்கத்தில் நிற்பவர்கள் அதை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. அந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒலிப்பதிவு அறைக்குள் விடும்போதே எச்சரித்துத்தான் விட்டார்கள். கோடிட்ட இடங்களை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாத வார்த்தை எதுவும் அங்கே வராது.

நான் ஓசூர்க்காரன். வார நாளில் லேத் பட்டறை, சனி ஞாயிறில் பையன்களையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாறை ஏறக் கற்றுக்கொடுப்பது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் ஐம்பது கிலோமீட்டர் போனால் ராமநகரம். 1975இல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உட்கார்ந்து உறுமுவானே, அந்தப் பாறைகள் இருக்கிற ஊர். நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. கயிற்றை மேலே கொண்டுபோகிறவன் நான். பாறையில் ஆங்காங்கே போல்ட் அடித்திருக்கும். ஏற ஏற அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியாக மாட்டியது என் காலுக்குக் கீழே பத்தடியில். அடுத்தது கைக்கு எட்டாத உயரத்தில். உள்ளங்கை வியர்க்கிறது. வலது கால் தானாகத் தையல் மிஷின் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. பயத்தில் மட்டும் அப்படி ஆடாது. கெண்டைக்கால் களைத்தாலும் ஆடும். எனக்கு இரண்டும். அந்தப் பாறையைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். சுத்தமான தமிழில், கன்னட ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில்.

கீழே ராமர் கோயிலுக்குப் போகிற பாதை. படியில் ஒரு பாட்டி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. கீழேயிருந்து குரல் வருகிறது: "ஏஞ்சாமி, ஆரை இப்படி வையறே? அந்தக் கல்லு உன்னை என்ன பண்ணுச்சு?"

சத்தியமங்கலம் பக்கத்துப் பாட்டி. ராமநகரத்தில் பெரிய பட்டுக்கூடு சந்தை உண்டு. கூடு வியாபாரம் செய்கிற வீட்டில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார். மீதிப் பாறையை நான் எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். வெட்கத்தில் ஏறினேன். இறங்கி வந்ததும் பிரசாதத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினார். கையை நீட்டினேன். "வாயைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு உதவியதா என்றால், உதவியது என்றுதான் சொல்வேன். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்று ஓர் உளவியல் ஆய்வாளர். மாணவர்களை மிகக் குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கச் சொன்னார். ஒருமுறை கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு, ஒருமுறை சாதாரண வார்த்தை சொல்லிக்கொண்டு. கெட்ட வார்த்தை சொன்னபோது கூடுதல் நேரம் தாங்கினார்கள். இது 2009இல் வெளிவந்தது. மறு வருடமே இதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுப்பது அது. 2018இல் அவரும் கூட்டாளிகளும் கைப்பிடி வலுவை அளந்து பார்த்தார்கள். வைதுகொண்டே பிடித்தால் சராசரியாக இரண்டு கிலோ கூடுகிறது. பாறை ஏறுகிறவனிடம் இரண்டு கிலோ பிடி சும்மா கிடைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், சொத்தை எழுதிக்கொடுப்பான்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல். தினசரி வாழ்க்கையில் அதிகம் வைகிறவர்களுக்கு அந்தப் பலன் குறைந்துபோகிறது என்று 2011இல் அவர்களே கண்டார்கள். காபி ஆறிவிட்டதற்கும் அதே வார்த்தை, ஆட்டோ வராததற்கும் அதே வார்த்தை என்று செலவழித்துவிட்டால், பாறையில் தொங்கும்போது கையிருப்பில் ஒன்றும் இருக்காது. இன்னொன்று, மாற்று வார்த்தை. நானும் என் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்: "கத்தரிக்காய்னு கத்துங்கப்பா, யாருக்கும் நோகாது." ஒரு பையன் உண்மையாகவே நடுப்பாறையில் "கத்தரிக்காய்!" என்று கத்தினான். கீழே நின்ற ஏழு பேரும் சிரித்ததில் அவனும் சிரித்து, பிடி விட்டு விழுந்தான். 2020இல் ஸ்டீபன்ஸ் குழு புதிதாகச் சில வார்த்தைகளைக் கட்டிச் சோதித்தது. ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது, வலி குறையவில்லை. எனக்குக் கத்தரிக்காயிலேயே தெரிந்துவிட்டது.

ஆக, வார்த்தைக்கு வலு உண்டு. வலு உள்ள பொருளை எங்கே வீசுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? போன வருடம் எங்கள் குழுவில் ஒரு பெண். கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்று மூன்று பையன்கள் வரிசையாக ஏறினார்கள், மூன்று பேரும் வரிசையாக வைதார்கள். இறங்கி வந்து தேநீர் குடிக்கும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "சார், இவங்க திட்டறது பாறையைத்தான். ஆனா எல்லா வார்த்தையிலயும் யாரோ ஒருத்தரோட அம்மாதானே வர்றாங்க, ஏன்?" தேநீர்க் கடைக்காரர் உட்பட யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. நான் அதே வார்த்தைகளோடு வளர்ந்தவன். அந்தப் பெண் அடுத்த வாரமும் வந்தாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். வராமல் போன எத்தனை பேர் என்று யோசித்தால் ஆறுதல் போய்விடுகிறது.

சரி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நேரம் கொஞ்சம் கூடப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவருக்கும் கீழே கயிறு பிடிக்கிறவருக்கும் நடுவே போகிற சொற்கள். பிலேயர் என்போம் அந்தக் கீழே நிற்கிறவரை. மேலே இருப்பவர் உயிர் அவர் கையில். இருவருக்கும் இடையே முப்பது மீட்டர் கயிறு, காற்று, நடுவே துருத்திக்கொண்டிருக்கிற பாறை வயிறு. முகம் தெரியாது. ஐந்தாறு சொல்லில்தான் குடித்தனம். "டேக்" என்றால் கயிற்றை இழுத்துப் பிடி, நான் உட்காரப்போகிறேன். "ஸ்லாக்" என்றால் கயிறு விடு. இரண்டும் எதிர் எதிர். இங்கிலாந்துக்காரர்கள் ஒரு விஷயத்தில் கறார். தொங்குகிற கயிற்றை இழுத்துக்கொள் என்று ஆங்கிலத்தில் முழுசாகச் சொன்னால் அதில் ஸ்லாக் என்ற சொல்லும் வந்துவிடுகிறது. காற்றில் முன்பாதி கரைந்து அந்தக் கடைசிச் சொல் மட்டும் கீழே போய்ச் சேர்ந்தால்? இழுக்க வேண்டியவர் விடுவார். அதனால் அந்த வாக்கியத்தையே வாயில் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் கத்தலைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன் என்று? பாறையடியில் காற்று பொதுச்சொத்து. ஞாயிற்றுக்கிழமை நான்கு கயிறு பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒரு தடவை இன்னொருவர் அடுத்த கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தார். அவர் மேலே போய்ச் சேர்ந்து, தன்னைக் கட்டிக்கொண்டு, "நான் கட்டியாச்சு, கயிறை விடு" என்று குரல் கொடுத்தார். என் பிலேயர், அப்போதுதான் பழகுகிற பையன், என் கயிற்றை விடுவிக்கப் போனான். நான் நடுப்பாறையில். பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து எங்கள் குழுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் பிலேயரின் பெயர் வரும். ஒரே பெயர் இரண்டு பேர் என்றால் அன்றைக்கு ஒருவருக்குப் பட்டப்பெயர். பக்கத்துக் குழு கட்டளை கொடுக்கும்போது நாங்கள் அரட்டையை நிறுத்திவிடுவோம், கெட்ட வார்த்தையானாலும் நல்ல வார்த்தையானாலும்.

அரட்டை என்றதும் லின் ஹில் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவின் எல் காப்பிடான் பாறையில் 'நோஸ்' என்ற வழியை, கயிற்றைப் பிடித்துத் தொங்காமல் கை கால் பலத்தில் மட்டும் 1993இல் முதன்முதலில் ஏறியவர், ஆணிலும் பெண்ணிலும். அதற்கு நான்கு வருடம் முன்பு தெற்கு பிரான்சில், புயூ என்ற இடத்தில், சாதாரணமான ஒரு வழிக்கு முன்னால் இடுப்பு வாரில் கயிற்றை நுழைத்தார். முடிச்சுப் போடும் முன் காலணி மாட்டப் போனார், அங்கே யாரோடோ இரண்டு வார்த்தை பேசினார், திரும்பி வந்து ஏறினார். உச்சியில் கயிற்றை நம்பிச் சாய்ந்தபோது முடிச்சு இல்லை. எழுபது அடி. மரக்கிளைகள் தாங்கிப் பிழைத்தார். உலகத்தில் அவரைவிட முடிச்சுத் தெரிந்தவர்கள் குறைவு. முடிச்சுப் போடுகிறவரிடம் பேசாதே என்பதை நான் என் மாணவர்களுக்கு இந்தக் கதையாகத்தான் சொல்கிறேன். அப்பா அம்மா வேடிக்கை பார்க்க வந்தால் அவர்களுக்கும்.

இன்னொரு சொல், "ராக்!" கல் உருண்டு வருகிறது என்று எச்சரிப்பது. பல இடங்களில் இதைத்தான் கத்துகிறார்கள். ராமநகரத்தில் ஒரு முறை என் காலடியில் தேங்காய் அளவு கல் பெயர்ந்தது. "ராக்! ராக்!" என்று கத்தினேன். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து, சிரித்து, கை ஆட்டினார். கல் அவருக்கு இரண்டு கஜம் தள்ளி விழுந்தது. அன்றைக்கு மாற்றிக்கொண்டேன். "கல்லு!" தமிழிலும் கல்லு, கன்னடத்திலும் கல்லு. வையும்போது கீழே இருப்பவருக்குப் புரியாது என்று நம்பினேன், புரிந்தது. எச்சரிக்கும்போது புரியும் என்று நம்பினேன், புரியவில்லை. அந்த ஆட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதற்கு ஒரு பீடி கொடுத்தார்.

ராமநகரத்தில் அந்தக் கோயில் இருக்கிற ராமதேவர் மலை 2012இல் பாறு கழுகுகளுக்கான சரணாலயம் ஆகிவிட்டது. செங்குத்துப் பாறை விளிம்பில் கூடு கட்டுகிற பறவை; நம் கூச்சல் அதற்கு ஆகாது. அங்கே நாங்கள் இப்போது ஏறுவதில்லை. பாதாமிக்குப் போகிறோம். ஆமாம், வாதாபிதான், மாமல்லன் படையெடுத்துப் போன அதே வாதாபி. சிவந்த மணற்பாறை. அங்கே ஏரியைப் பார்த்த ஒரு பாறைமுகத்தில் கப்பெ அரபட்டன் என்பவனைப் பற்றி ஒரு கல்வெட்டு. சுமார் ஆயிரத்து முந்நூறு வருடப் பழமை. கன்னடத்தில் திரிபதி என்கிற மூன்றடிப் பாட்டுக்கு மிகப் பழைய சான்று என்பார்கள். அவன் யாரிடம் எப்படி நடந்துகொள்வான் என்பதுதான் அதில் விஷயம். எந்தப் போர் ஜெயித்தான் என்று இல்லை, பழகுகிற முறை. அதையும் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். புதுக் குழுவை முதல் நாள் அங்கே கொண்டுபோய் நிறுத்துவேன். பாதிப் பேர் குரங்கைத்தான் பார்ப்பார்கள்.

கத்துவதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். செக் நாட்டு ஆடம் ஒன்ட்ரா கத்தலுக்குப் பேர்போனவர். கடினமான பிடியில் அவர் போடுகிற அலறல் குகையையே நிறைக்கும். மூச்சை அடக்காமல் வெளியே தள்ளுகிற வழி அது, யாரையும் வைவதில்லை. 2017 செப்டம்பரில் நார்வேயில் ஃப்ளாட்டாங்கர் குகையில், அன்றுவரை உலகில் யாரும் ஏறாத கடினத்தில் ஒரு வழியை ஏறி முடித்தார். முடித்தபோது அவருக்குக் கத்தக்கூட வரவில்லை. அந்த வழிக்கு 'சைலன்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். கேட்காமலே "வலது கால், வலது கால்" என்று கீழேயிருந்து பாடம் நடத்துகிறவர்களைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். அவர்களிடம் ஒன்றுதான்: கேட்டால் சொல்லுங்கள். பாறையடிக்கு ஸ்பீக்கர் தூக்கிவருகிறவர்களுக்குத் தனியாக ஓர் உரை வேண்டும். கணவனுக்கு மனைவி பிலே கொடுக்கும்போது நடக்கிற வாக்குவாதங்களுக்குத் தொடர் உரையே வேண்டும். பெயரைச் சொல்லிக் கட்டளை கொடுங்கள், முடிச்சை முடிக்க விடுங்கள், கீழே யார் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பாதாமிக்குக் குகைக்கோயில் பார்க்கப் போகலாம், எங்களில் யாராவது மேலே தொங்கிக்கொண்டிருக்கலாம். "கல்லு!" என்று கேட்டால் தயவுசெய்து அண்ணாந்து பார்க்காதீர்கள், பாறையோடு ஒட்டி நின்றுகொள்ளுங்கள். வேறு ஏதாவது கேட்டால், அது உங்களைச் சொன்னதில்லை.