கற்பனையே பெருந்துணை!

(‘மனிதனுக்குப் பெருந்துணை அறிவா? கற்பனையா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘கற்பனையே’ அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய தம்பி, “கற்பனை என்றால் பொய். பொய் சோறு போடுமா?”ன்னு கேட்டுட்டுப் போனாரு. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. (சிரிப்பு) காலையிலே வீட்டுக்காரம்மா கொடுக்கிற காபியிலே சர்க்கரை இருக்காது. ஒரு வாய் குடிச்சுட்டு, “ஆகா, அருமை!”ன்னு சொல்றோமே, அது அறிவா, கற்பனையா? அன்னிக்கு மத்தியானம் சோறு கிடைச்சதே, அது எதனாலே? (சிரிப்பு, கைதட்டல்)

இது சிரிக்கிறதுக்கு. இனிமே சொல்றது சிந்திக்கிறதுக்கு.

நடுவர் அவர்களே, நம்ம ஊருக்குப் பக்கத்திலே சித்தன்னவாசல். சமணக் குடைவரை. அண்ணாந்து பார்த்தா, கூரையிலே ஒரு தாமரைக் குளம். மீன் நீந்துது, அன்னம் மிதக்குது, யானை இறங்குது, மனுஷன் பூப்பறிக்கிறான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாச்சு. அந்தக் குளத்திலே ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. ஆனா இன்னிக்கும் வத்தலை! அதே வட்டாரத்திலே மண்ணைத் தோண்டினா முதுமக்கள் தாழி. செத்தவரோட பானையும் இரும்புக் கருவியும் சேர்த்துப் புதைச்சிருக்கான். போற இடத்திலே வேணுமேன்னு வச்சானோ என்னமோ. மண்ணோடு மண்ணாகிப் போகும்னு அறிவு சொல்லும். அதுக்கு மேலேயும் அவனுக்கு ஏதோ ஒண்ணு தோணியிருக்கு.

இப்போ என் கதைக்கு வர்றேன். சில வருஷத்துக்கு முன்னாலே, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் பையன் என்கிட்டே தமிழ் படிச்சான். கடலுக்குப் போன அவனோட அத்தா திரும்பி வரலை. பத்து நாள் தேடினாங்க. உடல் கிடைக்கலை. ஜமாஅத்திலே உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினாங்க. வகுப்புக்கு வந்தவன் என் மேசைக்கிட்டே நின்னு கேட்டான்: “சார், கபுரிலே அடக்கினவங்க மறுமையிலே எழுந்திருப்பாங்கன்னு சொல்வாங்க. எங்க அத்தாவுக்குக் கபுரே இல்லையே. மீனு தின்னுருக்குமே. அவரு எப்படி சார் எழுந்திருப்பாரு?”

மேடையிலே மூணு மணி நேரம் பேசுறவன் நான். டாக்டர் பட்டம் வாங்கினவன். ஒரு வார்த்தை வரலை, நடுவர் அவர்களே.

காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லா மதத்துக்காரங்களும் போறோம், வர்றோம். ஆனா அவங்க புத்தகத்தைத் திறந்து பார்த்தோமா? அன்னிக்குத்தான் நான் தேட ஆரம்பிச்சேன்.

முதல்லே கிடைத்தவர் இப்னு சீனா. 980-லே பிறந்து 1037-லே மறைந்தவர். இவருடைய மருத்துவ நூல் ஐரோப்பாவிலே பல நூற்றாண்டு பாடப்புத்தகம். எதிரணி கும்பிட வேண்டிய அறிவாளி! அவர் சொல்றாரு: ஒரு மனிதன், முழுசாப் படைக்கப்பட்டு வெட்டவெளியிலே மிதக்கிறான்னு வச்சுக்கோ. கண் மூடியிருக்கு. கையும் காலும் ஒண்ணோடு ஒண்ணு படலை. காத்துகூட உரசலை. உடம்பு இருக்கிறதே தெரியாது. அப்பவும் ‘நான் இருக்கிறேன்’னு அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும்! அப்படின்னா ‘நான்’ங்கிறது உடம்பு இல்லை, ஆன்மா.

எதிரணி நண்பர்களே, இது எந்தச் சோதனைச்சாலையிலே நடந்தது? கற்பனையிலே! அவ்வளவு பெரிய அறிவாளி, ஆன்மாவைக் காட்ட எதைத் துணைக்குக் கூப்பிட்டாரு? கற்பனையை! (கைதட்டல்)

அடுத்தவர் இமாம் கஸ்ஸாலி. பாக்தாத் நிஜாமிய்யாவிலே பேராசிரியர். 1095-ஆம் ஆண்டு. வகுப்பிலே பேச வாயைத் திறக்கிறார்; நாக்கு எழலை. சாப்பாடு இறங்கலை. இது மனசு நோய்னு வைத்தியர்கள் கையை விரிச்சாங்க. பதவியை விட்டாரு, ஊரை விட்டாரு. அதைப் படிச்சப்போ, அந்தப் பையன் முன்னாலே வாயடைச்சு நின்ன எனக்குக் கண் கலங்கிடுச்சு.

அந்தப் பையன் கேட்ட கேள்வியைத் தத்துவவாதிகள் அப்பவே கேட்டிருக்காங்க. செத்த உடம்பு மண்ணாகுது, மிருகம் தின்னுது. அதே உடம்பு எப்படித் திரும்பும்? கஸ்ஸாலி அவர்களை எதிர்த்து எழுதினாரு. ஆன்மா அழியலை. இறைவன் அந்த ஆன்மாவை ஓர் உடம்போடு சேர்ப்பான். அது பழைய மண்ணாலே ஆனதோ, புதுசாப் படைச்சதோ, அவர் அவர்தான். குழந்தையா இருந்த உடம்பா இன்னிக்கு இருக்கு? ஆளு மாறிட்டாரா?

பையன்கிட்டே சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அப்புறம் கேட்டான்: “அப்போ, எங்க அத்தா யாருங்கிறது மீனுக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். அப்படித்தானே சார்?”

(அரங்கில் அமைதி)

வெற்றியோட அனுப்பி வச்சேன். மறுவாரம் வந்தான். “எங்கம்மாகிட்டே சொன்னேன் சார்”னான். என்ன சொன்னாங்கப்பா? “இதைச் சொல்ல உங்க வாத்தியாருக்கு இத்தனை நாளாச்சா? உங்கத்தா அன்னிக்கு ராத்திரியே கனவுல வந்து நின்னாரு. சட்டையிலே ஒரு சொட்டு ஈரமில்லை. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு”ன்னாங்களாம்! (கைதட்டல்)

“அது வெறும் கனவு”ன்னு எதிரணி சொல்லும். கண்ணாடியிலே தெரியிற முகம் இருக்கா, இல்லையா? தொட முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. கற்பனை உலகம் அப்படிப்பட்டதுன்னு சொன்னவர் இப்னு அரபி, 1165-லே ஸ்பெயின் நாட்டு முர்சியாவிலே பிறந்த ஞானி. உடம்புக்கும் ஆன்மாவுக்கும் நடுவிலே அது ஒரு ‘பர்ஸக்’. நம்ம பாஷையிலே சொன்னா, ரெண்டு வயலுக்கு நடுவிலே இருக்கிற வரப்பு.

பாரசீக ஞானி முல்லா சத்ரா இன்னும் ஒரு படி மேலே போறாரு. உடம்பு அழிஞ்சாலும் கற்பனைச் சக்தி அழியாது. இங்கே நாம் பழகின பழக்கத்துக்கும் செய்த செயலுக்கும் ஏத்த வடிவத்தை ஆன்மா அங்கே எடுக்கும்ங்கிறார். அப்படின்னா கற்பனை பொழுதுபோக்கு இல்லை, நடுவர் அவர்களே, பொறுப்பு! பொறாமையிலேயே வாழ்ந்தவன் அங்கே எதை உடுத்துவான்? அன்பா வாழ்ந்தவன் எதை உடுத்துவான்? இன்னிக்கு நாம நெய்யிற துணிதான்.

நான் அறிவைக் குறை சொல்லலை. படகு கட்ட அறிவு வேணும். காற்றும் மழையும் கணிக்க அறிவு வேணும். ஆனா படகு திரும்பி வராத வீட்டிலே, அடுத்த நாள் காலையிலே அடுப்பை மூட்டி, பிள்ளைக்குச் சோறு போட்டு, காலேஜுக்கு அனுப்பி வச்சாங்களே ஒரு தாய், அவங்களை எழுப்பி உட்கார வச்சது எது? ஈரமில்லாத அந்தச் சட்டை!

தம்பி கேட்டாரே, கற்பனை சோறு போடுமான்னு. போட்டிருக்கு தம்பி!

ஆகவே, மனிதனுக்குப் பெருந்துணை கற்பனையே, கற்பனையே என்று நல்ல தீர்ப்புத் தருமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)