கூரையை யாரு மாத்துறது?

இந்த எபிசோடை ஸ்டூடியோவுல இல்லாம கொல்லிமலை செம்மேட்டுல உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுநடுவுல சேவல் கூவும், பஸ் ஹாரன் அடிக்கும், பொறுத்துக்கோங்க. 70 கொண்டை ஊசி வளைவுன்னு ரீல்ஸ் பார்த்துட்டு நாம பைக் எடுத்துட்டு வர்ற மலைதான் இது. ஆனா இங்க வாழுறவங்களுக்கு இந்த மலை 14 நாடு. செம்மேடு இருக்கிறது வாழவந்தி நாட்டுல.

நேத்து சாயங்காலம் நடந்து போறப்போ ஒரு பழைய வீட்டைப் பார்த்தேன். மண் சுவர், புல்லுக் கூரை, வாசல்ல உரல். பக்கத்துலேயே ஜல்லியும் செங்கல்லும் இறக்கி வச்சிருக்கு. நான் அசல் டவுன் ஆளு மாதிரி, "இவ்ளோ அழகான வீட்டை ஏன் ஆயா இடிக்கிறீங்க?"ன்னு கேட்டுட்டேன். அவங்க கோபப்படல, சிரிச்சாங்க. "நீ போட்டோ புடிச்சுட்டுப் போயிருவ கண்ணு. கூரையை யாரு மாத்துறது? புல்லு எங்க கெடைக்குது? வேய ஆளு எங்க இருக்கு?"

எங்கிட்ட பதில் இல்ல. ஆனா கிட்டத்தட்ட இதே கேள்விக்கு மூணு ஊர் சேர்ந்து பதில் தேடின ஒரு கதை எனக்கு ஞாபகம் வந்தது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பொதுவா 'சகோதர நகரங்கள்'னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? ரெண்டு மேயர் கை குலுக்குற போட்டோ. இந்தக் கதை அப்படி முடியல. 2002-ல ஐரோப்பிய ஒன்றியத்தோட 'ஏசியா அர்ப்ஸ்'ங்கிற திட்டத்துல புதுச்சேரி நகராட்சி, இத்தாலியோட உர்பினோ, பிரான்ஸோட வில்நவ்-சுர்-லோ மூணும் கைகோத்தாங்க. உள்ளூர்ல வேலையை எடுத்துச் செஞ்சது இன்டாக் அமைப்பு. 2004 வரைக்கும் நடந்துச்சு.

பாரிஸும் ரோமும் இல்லாம ஏன் இந்தச் சின்ன ஊர்கள்? எனக்குப் பிடிச்ச இடமே இதுதான். உர்பினோ ஒரு குன்று மேல இருக்கிற ஊர், ஓவியர் ரஃபேல் பிறந்த இடம். 1998-ல உலகப் பாரம்பரியச் சின்னம் ஆச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, ஜான்கார்லோ தெ கார்லோன்னு ஒரு கட்டடக் கலைஞர் அந்த ஊருக்குத் திட்டம் போட்டார். பழைய கட்டடங்களை மியூசியமா பூட்டி வைக்காம, பல்கலைக்கழக வகுப்புகளை அதுக்குள்ளேயே கொண்டு வந்தார். மாணவர்கள் நடமாடினா கட்டடம் உயிரோட இருக்கும்ல. வில்நவ், 13-ஆம் நூற்றாண்டுல கட்டம் போட்ட மாதிரி நேர்த் தெருக்களோட உருவான ஊர். நடுச் சதுக்கத்தைச் சுத்தி வளைவு வளைவா நடைபாதை, மேல வீடு. புதுச்சேரியும் கட்டம் போட்ட ஊர்தானே?

நாம புதுச்சேரி போனா மஞ்சள் சுவர், காகிதப் பூன்னு பிரெஞ்சுப் பக்கத்துலேயே செல்ஃபி எடுத்துட்டு வந்துடுறோம். இந்த மூணு ஊரும் மாதிரித் தெருவா எடுத்தது கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில இருக்கிற வைசியாள் வீதியை. தமிழ் வீடுன்னா முதல்ல தெருவை ஒட்டித் தாழ்வாரம், அப்புறம் திண்ணை, உள்ள முற்றம். தாழ்வாரம் வீட்டுக்கு வீடு ஒட்டி ஒட்டிப் போகும். வெயில்ல நடந்து போற யாரோ ஒருத்தருக்கு அது நிழல். நடுவுல ஒரு வீடு இடிஞ்சு அங்க நேரா சுவர் எழும்புச்சுன்னா, அந்த நிழல் அங்கேயே அறுந்துடும். அதனால ஒரு வீட்டை மட்டும் காப்பாத்திப் பிரயோஜனம் இல்ல, தெருவையே காப்பாத்தணும்.

சரி, யார் காசுல? இது யாரோ குடியிருக்கிற சொந்த வீடு. இடிக்காதேன்னு சொல்ல அப்போ வலுவான சட்டமும் கிடையாது. அதனால சீரமைப்புச் செலவை வீட்டுக்காரங்களோட பகிர்ந்துக்கிற வழியில போனாங்க. முகப்பும் தாழ்வாரமும் சீராச்சு, உள்ள அதே குடும்பம் அதே அடுப்புல சமைச்சது. 2008-ல அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவோட ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைச்சது.

இதைச் சொல்லிட்டு இன்னொன்னைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. அதே புதுச்சேரியில, கடற்கரைச் சாலையில 1870-கள்ல இருந்து நின்ன மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் மழையில அப்படியே சரிஞ்சு விழுந்துச்சு. வைசியாள் வீதியில வீட்டுக்கு வீடு ஒரு சொந்தக்காரர் இருந்தார், பேசிச் சம்மதிக்க வைக்க முடிஞ்சது. மேரிக்குச் சொந்தக்காரர் அரசாங்கம். எல்லாருக்கும் சொந்தம்னா ஓடு ஒழுகுறதை யார் பார்ப்பா? பிறகு உலக வங்கிக் கடன் உதவியோட பழைய தோற்றத்துலேயே புதுசா கட்டி, 2021 பிப்ரவரியில திறந்தாங்க. பார்க்க அச்சு அசலா இருக்கு. ஆனாலும் அது புதுக் கட்டடம்தான்.

இப்போ திரும்ப மலைக்கு வாங்க. ஆயா வீட்டு வாசல்ல உரல் கிடந்ததுன்னு சொன்னேன்ல? அதுக்கும் ஒரு வெளிநாட்டுக் கதை இருக்கு, அதுலயும் இத்தாலி வருது. சாமை, தினை, கேழ்வரகு இந்த மலையோட சாப்பாடு. சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி போட ஆரம்பிச்சதும் சிறுதானிய நிலம் சுருங்கிடுச்சு. மரவள்ளியில காசு வருதுங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாம பேசுறதே இல்ல: சாமை குத்துற வேலை. பொடி தானியம், உமி லேசுல போகாது. உலக்கை பிடிச்சு மணிக்கணக்கா குத்தினது முழுக்கப் பெண்கள். 'பாரம்பரிய உணவு'ன்னு நாம ஸ்டேட்டஸ் போடுறதோட விலை அவங்க தோள்பட்டை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து இங்க வேலை செஞ்சது. 2001-ல, ரோமைத் தலைமையிடமா வச்ச ஐ.நா.வோட வேளாண் மேம்பாட்டு நிதியம் காசு கொடுத்த ஒரு பன்னாட்டுத் திட்டத்துல கொல்லிமலைச் சாமையும் சேர்ந்துச்சு. பொலிவியா, பெரு மலைகளோட கீன்வாவும் அதே திட்டத்துலதான் இருந்துச்சு. விதை, சாகுபடி முறைன்னு பலதும் செஞ்சாங்க. நான் முக்கியமா நினைக்கிறது உமி நீக்குற சின்ன மில்லை. ஊர்லேயே வச்சு, பெண்கள் குழுக்களே ஓட்டினாங்க. அதுக்காகச் சாமை மலை முழுக்கத் திரும்பி வந்துடல, மரவள்ளி இன்னும் நிக்குது. ஆனா சாமை போடலாம்னு நினைக்கிற பொண்ணு உலக்கையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்ல.

இந்த எபிசோடுக்காக இன்னைக்குக் காலையில திரும்ப ஆயா வீட்டுக்குப் போனேன். தாழ்வாரம், மானியம், உர்பினோன்னு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. "அந்த ஊர்ல பாதிக் காசு தர்றாங்களா? இங்க யாரு தர்றாங்கன்னு கேட்டுச் சொல்லு, அடுத்த வாரம் வரைக்கும் இடிக்கல"ன்னாங்க. உரலை ஏற்கெனவே ஓரமா நகர்த்தி வச்சுட்டாங்க, மேல ஒரு துளசிச் செடி.

மண் வீடு, புல்லுக் கூரை சீரமைப்புல வேலை செய்யிறவங்க யாராவது இதைக் கேட்டா, எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு வாரம்தான் டைம் இருக்கு.